ஊத் வாசனை பூசுபவரின் குணத்தைச் சொல்லுமா?

‘ஊத் பூசுகிறவர் அழுத்தமான, கம்பீரமான ஆள்’ என்கிறார்களே, உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். குணத்தை இல்லை, பழக்கத்தைத்தான் அது காட்டும்.

வளைகுடா வீடுகளில் விருந்து முடிந்ததும் தணலில் ஊத் என்ற வாசனைக் கட்டையின் சீவலைப் போட்டு, புகையும் கலத்தை விருந்தாளியிடம் நீட்டுவார்கள். அவர் தலைத்துணியின் நுனியை விரித்துப் புகையைப் பிடித்துக்கொள்வார். ‘ஊத் வந்தபின் உட்காராதே’ என்று அங்கே ஒரு சொலவடையே உண்டு. சரி, கூச்ச சுபாவியும் வாயாடியும் ஒரே வாசனையோடுதானே வீடு திரும்புவார்கள்?

ஊத் வேறொன்றுமில்லை, நம் பழைய அகில்தான். காயம்பட்ட மரத்தில் பூஞ்சை தொற்றினால், தற்காப்புக்காக மரம் சுரக்கும் பிசின் கட்டையைக் கறுக்க வைக்கும். மணமெல்லாம் அந்தப் பிசினில். நோயில்லாத கட்டைக்கு வாசனை கிடையாது. அரிது என்பதால் விலை, விலையால் வந்ததுதான் அந்தக் கம்பீரப் பேச்சு. மேற்கில் 2002இல் இவ் சான் லோரான் என்ற பிரெஞ்சு நிறுவனம் ‘எம்7’ என்று ஓர் ஊத் வாசனையை இறக்கியபோது அவ்வளவாக எடுபடவில்லை. 2007இல் அமெரிக்க வடிவமைப்பாளர் டாம் ஃபோர்டின் ‘ஊத் வுட்’ வாசனை வந்தது. அப்புறம் அதுவே மோஸ்தர் ஆகிவிட்டது.

வாங்கும் முன் மணிக்கட்டில் ஊத் எண்ணெய் ஒரு சொட்டு வைத்து ஒரு மணி நேரம் பொறுங்கள். அசல் எண்ணெய் சில முதலில் மாட்டுத்தொழுவம் மாதிரி நாறும். இனிப்பு பிறகுதான் வரும்.