வாள் எந்தக் கையில்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ரோம் நகரப் பழம்பொருள் கடை ஒன்றில் மிக்கேல் அதிதூதரின் எண்ணெய் ஓவியம் ஒன்றைப் பார்த்தேன். இரண்டு முழ உயரம் இருக்கும். கப்புச்சின் துறவிகளின் கோவிலில் உள்ள, பதினேழாம் நூற்றாண்டு இத்தாலிய ஓவியர் குய்தோ ரெனியின் பீட ஓவியத்தைப் பார்த்துப் பிற்காலத்தில் யாரோ வரைந்தது என்றார் கடைக்காரர். பசாசின் முகம் ஒரு பாப்பரசருடையதாம். நகல் என்று தெரிந்தே பணம் கொடுக்கலாமா? சாத்தானை மிதிக்கிறவர் முகத்தில் ஏன் கோபமே இல்லை?

எம்., மிலான்

அன்புள்ள எம்.,

நகல் என்றதும் முகம் சுளிக்க வேண்டியதில்லை. ரெனியே சீடர்களை நகலெடுக்க வைத்து, மேலே தன் தூரிகையை ஓட்டி விற்றவர்தான். சூதாட்டக் கடன் அவரை விரட்டிக்கொண்டே இருந்தது. இந்த மிக்கேலுக்குப் புனித பேதுரு பேராலயத்திலேயே ஒரு மொசைக் நகல் உண்டு.

மூல ஓவியம் 1635 வாக்கில் பட்டுத்துணியின்மேல் வரையப்பட்டது. வரையச் சொன்னவர் கர்தினால் அந்தோனியோ பார்பெரினி, பாப்பரசர் எட்டாம் உர்பானின் சகோதரர். பார்பெரினி குடும்பத்துக்கும் பம்ஃபீலி குடும்பத்துக்கும் ஆகாது. அதனால், காலடியில் கிடக்கும் சாத்தான் கர்தினால் பம்ஃபீலியின் சாயலில் இருக்கிறான் என்று ஊர் பேசிக்கொண்டது. அவர் பத்தாம் இன்னொசென்ட் என்ற பெயரில் பாப்பரசரானது 1644இல். ரெனி இறந்து இரண்டு ஆண்டுகள் கழித்து. ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கெஸ் 1650இல் வரைந்த இன்னொசென்ட்டின் உருவப்படம் ரோமிலேயே, தோரியா பம்ஃபீலி கலைக்கூடத்தில் இருக்கிறது. இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். ஏறிய நெற்றியும் மெல்லிய தாடியும் ஒத்துப்போகின்றன. அந்த வயதுக் கர்தினால்கள் பாதிப் பேருக்கு அப்படித்தான் இருந்திருக்கும்!

கோபம் ஏன் இல்லை என்பதற்கு ரெனியின் கடிதமே பதில். சரித்திரக்காரர் பெல்லோரி அதைப் பதிந்து வைத்திருக்கிறார். ரெனி விண்ணகத்துக்கு ஏறிப்போய் அதிதூதரின் வடிவத்தைப் பார்த்து வர ஆசைப்பட்டாராம். முடியாததால், மனத்தில் தான் கொண்டிருந்த அழகின் வடிவத்தையே பார்த்து வரைந்தாராம். அசிங்கத்துக்கும் அப்படி ஒரு வடிவம் உண்டு, ஆனால் பசாசை நினைப்பில்கூட அண்டவிடுவதில்லை என்கிறார். அவர் வரைந்தது சண்டையை அல்ல, தீர்ப்பை. ஆனால் எனக்கும் ஒரு குறை உண்டு. பாதாளத்தின் விளிம்பில் நிற்கிறவரின் கேசத்தில் ஒரு சுருள்கூடக் கலையவில்லை. சாத்தானின் தலைமேல் பாதம் பதியும் விதத்திலும் நடனக்காரரின் நளினம்தான் தெரிகிறது.

இனி கடைக்கு வருவோம். மூலத்தில் வலக்கையில் ஓங்கிய வாள், இடக்கையில் சங்கிலி. உங்கள் படத்தில் இது இடம் மாறியிருந்தால், வரைந்தவர் கோவில் வாசலையே மிதித்திருக்க மாட்டார்; அச்சுப்படம் ஒன்றைப் பார்த்து வரைந்திருப்பார். செப்புத்தகட்டு அச்சுப்படங்களில் பல, தகட்டில் நேராக வெட்டப்பட்டுக் காகிதத்தில் கண்ணாடிப் பிம்பம் போல விழுந்தவை. அடுத்தது நிறம். மூலத்தில் மார்க்கவசம் நீலம், மேலாடை சிவப்பு. கறுப்பு வெள்ளை அச்சைப் பார்த்து வரைந்தவர் நிறத்தைத் தானே ஊகிக்க வேண்டியிருந்தது; கவசம் பச்சையாகவோ பழுப்பாகவோ போயிருக்கும். பிறகு படத்தைத் திருப்பி முதுகைப் பாருங்கள். பழைய கித்தானும் ஆணித் துருவும் சொல்லும் வயது, கடைக்காரர் சொல்லும் வயதைவிட நம்பகமானது. ஆனாலும் பழைய கித்தான்மேல் புதுப் படம் வரைகிறவர்களும் உண்டு.

பார்த்து வரைந்த கை என்று தெரிந்தால் தாராளமாக வாங்குங்கள். மூலத்தின் முன்னால் நின்று, சாத்தானின் முகத்தைச் சாந்தப்படுத்தாமல் வரையத் துணிந்தவர் என்றால் கூடுதலாகவே கொடுக்கலாம். இத்தாலியை விட்டு வெளியே கொண்டுபோகும் எண்ணம் இருந்தால், ஏற்றுமதி ஆவணங்களைப் பற்றி முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். வாள் இடக்கையில் இருந்தால், சொன்ன விலையில் பாதியிலிருந்து பேரத்தைத் தொடங்குங்கள்.