உதரபந்தமும் மேகலையும்

அன்புள்ள ஐயா,

தஞ்சாவூர் கலைக்கூடத்தில் நடராசர் செப்புத் திருமேனிகளைப் பார்த்தோம். வயிற்றைச் சுற்றியிருந்த பட்டையை நண்பர் ஒருவர் மேகலை என்றார். அகராதியிலோ மேகலை, காஞ்சி, கலாபம், பட்டிகை எல்லாமே இடையணிதான். இவை ஒன்றுக்கே பல பெயர்களா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இல்லை. நீங்கள் பார்த்தது உதரபந்தம். அது இடையணியே அல்ல. உந்திக்கும் (தொப்புளுக்கும்) மார்புக்கும் நடுவே கட்டுவது. இதற்குத் திருப்பாணாழ்வாரே நல்ல சாட்சி. ‘அமலனாதிபிரான்’ என்னும் தம் பாசுரங்களில் அரங்கனைத் திருவடியில் தொடங்கி மேல்நோக்கிப் பார்த்துக்கொண்டே போகிறார். இரண்டாம் பாட்டில் அரையிலுள்ள சிவந்த ஆடை, மூன்றில் உந்தி, நான்கில் ‘திருவயிற்று உதரபந்தம்’, ஐந்தில் மார்பு. அவர் கண் ஏறுகிற வரிசையிலேயே அணியின் இடம் தெரிந்துவிடுகிறது. சோழர் காலச் சிற்பி அதை வைத்த இடமும் அதுதான்.

மேகலை, காஞ்சி முதலியவை பெண்கள் அரையில் அணிந்தவை. அவற்றைப் பிரித்தது கோவைகளின், அதாவது மணிச் சரங்களின், எண்ணிக்கை. மேகலையும் காஞ்சியும் ஏழு அல்லது எட்டுக் கோவைகள். கலாபம் 16, பருமம் 18, விரிசிகை 32. சிலப்பதிகாரக் கடலாடு காதையில் மாதவி 32 வடம் முத்து அணிகிறாள். அதை விரிசிகை என்று பெயர் சொல்லி விளக்குகிறார் உரையாசிரியர் அடியார்க்குநல்லார். ஆனால் செய்யுளில் எதுகைக்கும் மோனைக்கும் ஏற்ப ஒன்றின் இடத்தில் இன்னொன்று வந்துவிடும். நிகண்டு, செய்யுள் கட்டுகிறவருக்காக ஒருபொருட் சொற்களைத் தொகுத்து எழுந்த நூல், ஆகவே எல்லாவற்றையும் ஒரே வரிசையில் அடுக்கியது. அகராதி அதைத் தொடர்ந்தது.

கல்வெட்டில் அந்தத் தாராளம் கிடையாது. தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசனின் தமக்கை குந்தவை உமாபரமேசுவரி திருமேனிக்குக் கொடுத்த நகைகளில் திருப்பட்டிகை ஒன்று. பட்டிகை, பெயருக்கேற்ப, கல் பதித்த பட்டை. (கோயிலின் அடித்தளமான அதிட்டானத்தைச் சுற்றி ஓடும் ஒரு பட்டைக்கும் பட்டிகை என்றே பெயர்.) பொன்னை ‘ஆடவல்லான்’ என்னும் எடைக்கல்லால் நிறுத்து, கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்னும் எடையளவுகள் வரை எழுதி, பதித்த மணிகளையும் எண்ணி வைத்தார்கள். பண்டாரத்தில் (கோயில் கருவூலத்தில்) நகையைச் சரிபார்க்க வேண்டியவர்களுக்குப் பெயர் மாறினால் கணக்கே மாறிவிடும். மத்திய கால அணிகளின் பெயரை அறிய, காப்பியத்தைவிட இந்தக் கணக்கைத்தான் நான் முதலில் நம்புவேன்.