கேள்வி–பதில்: மொழியின் தேய்வைக் கணக்கிட முடியுமா?

கேள்வி: பழங்குடி மொழிகள் தலைமுறைதோறும் தேய்வதைச் சமன்பாடுகளால் முன்கூட்டியே கணிக்கலாம் என்கிறார்களே, மனித விருப்பத்தை எண்ணுக்குள் அடக்க முடியுமா?

பதில்: ஒருவர் தம் பிள்ளையிடம் எந்த மொழியில் பேசுவார் என்பதைக் கணிதம் சொல்லாது, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தனித்தனியே எடுக்கும் அந்த முடிவின் கூட்டு விளைவைச் சொல்லும். ஒரு சமூகத்தில் 100-க்கு 90 பேர் தாய்மொழி பேசுகிறார்கள், மொழி பாராமல் மணம் புரிகிறார்கள், பெற்றோர் இருவரும் அதைப் பேசும் வீடுகளில் மட்டுமே பிள்ளைகள் அதைக் கற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த தலைமுறையில் 81 பேர், அதற்கடுத்து 66, பிறகு 43, நான்காம் தலைமுறையில் 19 பேர்தான் எஞ்சுவார்கள். தொண்ணூறு எண்பத்தொன்றாகும்போது யாரும் பதறமாட்டார்கள் என்பதுதான் இதில் உள்ள ஆபத்து.

இதே கணக்கில், பெற்றோரில் ஒருவர் மட்டும் பேசும் வீடுகளிலும் சரிபாதிப் பிள்ளைகள் மொழியைக் கற்றுவிட்டால், 90 என்பது தலைமுறை தலைமுறையாக மாறாமல் நிற்கும். பாதிக்குச் சற்றுக் குறைந்தாலும் சரிவு தொடங்கிவிடும். மொழியின் கதியை இத்தகைய வீடுகளே தீர்மானிக்கின்றன என்பேன்.

அந்த வீடுகள் எந்தப் பக்கம் சாயும் என்பது மொழிக்குள்ள சமூக மதிப்பைப் பொறுத்தது. பேசுவோரின் விகிதம், மொழியின் மதிப்பு ஆகிய இரண்டையும் வைத்து ஆய்வாளர்கள் டேனியல் ஆப்ராம்ஸும் ஸ்டீவன் ஸ்ட்ரோகாட்ஸும் 2003-இல் அமைத்த கணித மாதிரி, பெருவின் கெச்சுவா, ஸ்காட்லாந்தின் கேலிக் முதலியவற்றின் வீழ்ச்சியோடு நன்றாகவே பொருந்தியது. ஆனால் அதில் இருமொழியாளருக்கே இடமில்லாததால், இரண்டில் ஒரு மொழி அழிந்தே தீரும் என்ற முடிவு வந்தது. ஸ்பெயினின் கலீசிய மொழியை ஆராய்ந்து, 2005-இல் இருமொழியாளரையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, மொழிகள் போதிய அளவு ஒத்திருந்தால் இரண்டும் நிலைக்கலாம் என்று தெரிந்தது. மதிப்பும் மாறாத எண்ணன்று. நியூசிலாந்தில் மாவோரி மொழிக்கென 1982-இல் மழலையர் பள்ளிகள் தொடங்கப்பட்டன; 1987-இல் அது ஆட்சிமொழியானது.

கேள்வி: மொழி பேசுவோர் எண்ணிக்கை கூடினால் ஆபத்து நீங்கியதாகக் கொள்ளலாமா?

பதில்: கூடாது. தம்பதிக்கு மூன்று பிள்ளைகள் பிறந்து, அவர்களில் 70 விழுக்காட்டினரே மொழியைக் கற்றாலும், பேசுவோர் தொகை தலைமுறைக்கு 5 விழுக்காடு கூடிக்கொண்டே போகும். பிள்ளைகள் இரண்டாகக் குறையும் தலைமுறையில், கற்போர் விகிதம் சற்றும் மாறாதபோதே, அத்தொகை 30 விழுக்காடு சரியும்.