டைடோவை விட்டுப் போன ஈனியாஸ் செய்தது சரியா? ‘கடவுள் கட்டளை’ என்பது வெறும் சால்ஜாப்புதானே?

பாதி சால்ஜாப்பு, பாதி உண்மை. இந்த வழக்கில் நான் ஒருமுறை கட்சி மாறியவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ரோமக் கவிஞர் வர்ஜிலின் லத்தீன் காவியம் ‘ஈனியட்’ படிக்காதவர்களுக்காகக் கதைச் சுருக்கம். டிராய் நகரம் எரியும்போது கிழட்டு அப்பாவைத் தோளில் சுமந்து, மகன் கையைப் பிடித்துக்கொண்டு தப்பியவன் ஈனியாஸ். இத்தாலிக்குப் போய் ரோமர்களின் மூதாதை ஆகவேண்டும் என்பது அவன் தலையெழுத்து. நடுவில் புயலில் சிக்கி வட ஆப்பிரிக்கக் கரையில், கார்த்தேஜில் ஒதுங்குகிறான். அங்கே அரசி டைடோ. பொன்னுக்கு ஆசைப்பட்டு அவள் கணவன் சிக்கேயஸை அவளுடைய சொந்தச் சகோதரனே கொன்றுவிட, கப்பலேறி வந்து புதிதாக ஒரு நகரம் கட்டிக்கொண்டிருக்கிறாள். இன்னொரு கல்யாணம் கிடையாது என்பதில் உறுதியாக இருந்தவள். அவளுக்கு ஈனியாஸ் மேல் காதல் வருகிறது. ஒரு குளிர்காலம் சேர்ந்து இருக்கிறார்கள். பிறகு தேவர்களின் அரசன் ஜூபிடரிடமிருந்து ஆள் வர, அவன் கிளம்புகிறான். அவள் அவனுடைய வாளிலேயே உயிரை விடுகிறாள்.

கல்லூரியில் ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்தபோது நான் ஈனியாஸ் கட்சி. பெரிய காரியம் இருக்கிறவன் போகத்தானே வேண்டும் என்று நினைத்தேன். மறுபடி படித்தபோது என் மகளுக்கு மூன்று வயது. மடியிலேயே தூங்கிப்போவாள். ஒரு கை மரத்துப்போக, இன்னொரு கையால் பக்கம் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் முதல் காண்டத்தின் கடைசியில் வரும் விருந்துக் காட்சி வந்தது.

ஈனியாஸின் தாய் காதல் தெய்வம் வீனஸ். கார்த்தேஜ் தன் எதிரியான ஜூனோ தேவியின் ஊர் என்பதால் அவளுக்கு அங்கே நம்பிக்கை இல்லை. அரசியின் மனதைக் கட்டிப்போட க்யூபிட்டை அனுப்புகிறாள். நம் ஊர் மன்மதன் மாதிரிதான், ஆனால் இங்கே வில்லும் இல்லை, அம்பும் இல்லை. சிறகைக் கழற்றி வைத்துவிட்டு, ஈனியாஸின் மகன் அஸ்கானியஸின் உருவத்தில், அவன் நடையிலேயே நடந்து வருகிறான். நிஜப் பையனை வீனஸ் ஏற்கெனவே தூங்கவைத்துத் தன் தோப்புக்குத் தூக்கிப் போய்விட்டாள். வந்தவன் முதலில் ‘அப்பா’வின் கழுத்தைக் கட்டிக்கொள்கிறான். பிறகு அரசியிடம் போகிறான். அவள் அவனை மடியில் வைத்துக் கொஞ்சுகிறாள். எப்பேர்ப்பட்ட கடவுள் தன் மடியில் உட்கார்ந்திருக்கிறான் என்று அந்தப் பாவிக்குத் தெரியாது என்கிறார் வர்ஜில். அவன் அங்கே உட்கார்ந்தபடியே சிக்கேயஸின் நினைவைக் கொஞ்சம் கொஞ்சமாக அழிக்க ஆரம்பிக்கிறான்.

என் மடியில் கனத்துக்கொண்டிருந்தவளைப் பார்த்தேன். அன்றைக்கு மேற்கொண்டு படிக்கவில்லை.

டைடோவுக்குக் குழந்தை இல்லை. அவளை வளைக்க வீனஸ் கண்டுபிடித்த இடம் அதுதான். நான்காம் காண்டத்தில் அவன் கிளம்புவது தெரிந்து, கத்தி, கெஞ்சி, எல்லாம் முடிந்த பிறகு அவள் சொல்வதைப் பாருங்கள்: உன் பிள்ளை ஒன்று என் வயிற்றில் தங்கியிருந்தால், இந்தக் கூடத்தில் ஒரு குட்டி ஈனியாஸ் விளையாடிக்கொண்டிருந்தால், இப்படி அடியோடு ஏமாந்துபோனவளாக இருக்கமாட்டேன். ‘குட்டி’ என்பதற்கு வர்ஜில் போடுவது வீரகாவிய நடையில் அபூர்வமாக வரும் செல்லச் சொல். க்யூபிட்டின் நெருப்பு எங்கே பற்றியது என்பது அந்த ஒரு சொல்லில் தெரிந்துவிடுகிறது.

கடவுள்களின் வேலை இதோடு நிற்கவில்லை. ஜூனோவும் வீனஸும் உட்கார்ந்து பேசுகிறார்கள், கிட்டத்தட்ட சம்பந்தம் பேசுவதுபோல. ஈனியாஸ் இங்கேயே தங்கிவிட்டால் ரோம் பிறக்காது என்பது ஜூனோவின் கணக்கு. அது நடக்காது என்று தெரிந்தே வீனஸ் சிரித்துக்கொண்டு தலையாட்டுகிறாள். பெண்ணிடம் யாரும் கேட்கவில்லை. மறுநாள் வேட்டையில் ஜூனோ புயலைக் கிளப்ப, இருவரும் ஒரே குகையில் ஒதுங்குகிறார்கள். மின்னல்தான் கல்யாணத் தீவட்டி, மலையுச்சியில் வனதேவதைகளின் ஓலம்தான் மங்கலப் பாட்டு. டைடோ அதைக் கல்யாணம் என்றே சொல்லிக்கொள்கிறாள். ஈனியாஸ் பின்னால் என்ன சொல்கிறான்? ‘நான் மாப்பிள்ளைத் தீவட்டி ஏந்தவில்லையே, அப்படி ஒரு ஒப்பந்தத்துக்கு வரவில்லையே’ என்கிறான். வக்கீல் நோட்டீஸுக்குப் பதில் எழுதுகிற மாதிரி. சட்டப்படி சரியாக இருக்கலாம். எனக்கு அவன் மேல் கோபம் வந்த இடம் அது.

ஆனால் அதே பேச்சின் கடைசியில் ஒரு வரி வருகிறது: ‘இத்தாலியை நான் நாடுவது என் விருப்பத்தால் அல்ல.’ லத்தீனில் நாலே சொல். வரி அங்கேயே பாதியில் அறுந்து நிற்கிறது. கி.மு. 19-இல் வர்ஜில் சாகும்போது காவியம் முழுதாகத் திருத்தி முடிக்கப்படவில்லை, இப்படி அரைகுறை வரிகள் 50-க்கும் மேல் கிடக்கின்றன. அவர் திரும்பி வந்து இதை நிரப்பியிருப்பாரோ என்னவோ, நிரப்பாமல் போனதே நல்லது. அதற்கு மேல் அவனிடம் சொல்ல என்ன இருக்கிறது?

அவனுடைய குணத்தைச் சொல்ல ரோமர்களிடம் ஒரு சொல் உண்டு, ‘பியெட்டாஸ்’. பெற்றோருக்கும் குலத்துக்கும் தெய்வத்துக்கும் பட்ட கடன் எல்லாம் அதில் அடக்கம். தமிழில் ‘கடமை’ என்றால் வறட்டுத்தனமாக இருக்கிறது, ‘பக்தி’ என்றால் கோயில் பக்கம் சாய்ந்துவிடுகிறது. டைடோ மயங்கி விழ, தோழிகள் தூக்கிப் போன அடுத்த வரியிலேயே, ‘கடன் தவறாத ஈனியாஸ்’ அவளைத் தேற்ற ஏங்கினான், காதலால் ஆடிப்போனான், ஆனாலும் கப்பலுக்குப் போனான் என்று வர்ஜில் எழுதுகிறார். பாராட்டா, குத்தலா என்று இத்தனை நூற்றாண்டாகச் சண்டை போடுகிறார்கள். எனக்கு இரண்டும் இல்லை, வலி என்று படுகிறது.

சரி, குற்றம் எங்கே? போனதில் இல்லை. ஜூபிடரின் தூதன் மெர்க்குரி முதல் தடவை வரும்போது ஈனியாஸ் டைடோ கையால் பொன்னிழை ஓட்டிய கருஞ்சிவப்புச் சால்வையைப் போர்த்திக்கொண்டு, அவள் ஊருக்குக் கோட்டை கட்டிக்கொண்டிருக்கிறான். ‘கப்பலேறு’ என்கிறான் மெர்க்குரி. ‘அவளிடம் சொல்லாதே’ என்று அவன் சொல்லவே இல்லை. சத்தமில்லாமல் கப்பல்களைத் தயார் செய்யுங்கள், காரணத்தை மறையுங்கள், நேரம் பார்த்து நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன் என்பது ஈனியாஸின் சொந்த யோசனை. அவள் தானாகவே மோப்பம் பிடித்துவிட்டாள். விதி, ஜூபிடர், ரோம் எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்தாலும் இந்த ஒன்று அவன் கணக்கில்தான் நிற்கும்.

இன்னொன்று. ‘பெண் எப்போதும் நிலையில்லாதவள்’ என்பதை வர்ஜிலின் பொன்மொழி என்று பகிர்கிறார்கள். அது தூங்குகிறவனைப் பயமுறுத்தி எழுப்ப மெர்க்குரி கனவில் சொல்வது. சொல்லி முடித்தவுடன் ஓடுவது ஆண், நின்று சாவது பெண்.

வரலாற்றில் இந்தக் காதலுக்கு இடமே இல்லை. மரபுக் கணக்குப்படி டிராய் விழுந்து 300 ஆண்டுக்கும் மேல் கழித்து, கி.மு. 814-இல்தான் கார்த்தேஜ் எழுந்தது. பழைய கதையில் டைடோ சாவது, உள்ளூர் மன்னனை மணக்க மறுத்து, செத்த கணவனுக்காக. அதில் ஈனியாஸ் வருவதே இல்லை. இரண்டையும் முடிச்சுப் போட்டபோது வர்ஜிலின் வாசகர்களுக்கு ரோமை எதிர்த்துப் போரிட்ட கார்த்தேஜ் தளபதி ஹன்னிபாலும் நினைவில் இருந்தான், கி.மு. 146-இல் ரோம் கார்த்தேஜைத் தரைமட்டமாக்கியதும் நினைவில் இருந்தது, கி.மு. 30-இல் செத்த எகிப்து ராணி கிளியோபாட்ராவும் நினைவில் இருந்தாள். சாகும்போது டைடோ விடும் சாபத்தில், என் எலும்பிலிருந்து ஒரு பழிவாங்கி எழட்டும் என்பது ஹன்னிபாலைத்தான். எதிரி நாட்டு ராணிக்கு இவ்வளவு நல்ல வரிகளை அள்ளிக் கொடுத்த தேசியக் கவிஞரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. உங்கள் காவியத்தில் ஜனங்கள் அதிகம் படிப்பது இந்தக் கள்ளக்காதலைத்தான் என்று இன்னொரு ரோமக் கவிஞர் ஒவிட் பிற்பாடு பேரரசர் அகஸ்டஸுக்கே எழுதினார். சின்ன வயதில் டைடோவுக்காக அழுததைப் புனித அகஸ்டின் பாவக் கணக்கில் எழுதி வைத்திருக்கிறார்.

ஆறாம் காண்டத்தையும் படித்துவிட்டுத் தீர்ப்பு சொல்லுங்கள். உயிரோடு பாதாளத்துக்குப் போகும் ஈனியாஸ், அங்கே இருட்டில் டைடோவைக் காண்கிறான். மாதத் தொடக்கத்துப் பிறையை மேகத்துக்குள் பார்த்தோமா, பார்த்ததாக நினைத்தோமா என்பதுபோலத் தெரிகிறாள். அழுகிறான். ‘அரசியே, உன் கரையை விட்டு மனமில்லாமல்தான் போனேன்’ என்கிறான். நான்காம் காண்டத்தில் அத்தனை பேசியவள் இங்கே ஒரு வார்த்தை பேசவில்லை. தரையைப் பார்த்தபடி கல்லாய் நிற்கிறாள். பிறகு திரும்பி நிழல் கவிந்த தோப்புக்குள் போய்விடுகிறாள். அங்கே சிக்கேயஸ் இருக்கிறான்.