பட்டாவில் பெயர் இல்லாத ஆக்னஸ்

நிலமும் ஆவணமும்: வாசகர் கேள்வி பதில்

(அமெரிக்காவில் குடியேறியவர்களுக்கு அரசாங்கமே 160 ஏக்கர் கொடுத்ததைப் பற்றிப் போன இதழில் இரண்டு வரி எழுதினேன். அதைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. இந்த வாரம் முழுக்க அதற்கே.)

அப்படி முதலில் நிலம் வாங்கிய குடும்பம் எது ஐயா? அவர்கள் கதை என்ன?
வாசகி, பட்டுக்கோட்டை

டேனியல் ஃப்ரீமன், ஆக்னஸ் தம்பதி. ஊர், நெப்ராஸ்கா மாநிலத்தில் பியாட்ரிஸ் பக்கம், கப் கிரீக் என்ற ஓடைக்கரை. லிங்கன் 1862 மே 20-ல் கையெழுத்துப் போட்ட குடியேற்ற நிலச் சட்டம் 1863 ஜனவரி 1-ல் நடைமுறைக்கு வந்தது. அன்று விடுமுறை. ஃப்ரீமனோ பட்டாளத்துக்குத் திரும்பும் அவசரத்தில் இருந்தாராம். பிரவுன்வில் நில அலுவலக எழுத்தரைத் தாஜா செய்து, நள்ளிரவு தாண்டிய கையோடு கதவைத் திறக்கவைத்து மனுவைப் பதிந்தார் என்பது காலங்காலமாகச் சொல்லப்படும் கதை. அதில் கொஞ்சம் சுவை கூட்டியிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். ஆனால் மனு எண் 1 என்பது ஆவணத்தில் இருக்கிறது.

சர்வே எண் பார்த்தே காலம் தள்ளியவன் என்பதால் எனக்குப் பிடித்தது இன்னொன்று. அவர் சதுரமாக ஒரே துண்டு கேட்கவில்லை. நாற்பது நாற்பது ஏக்கராக நாலு துண்டைப் பொறுக்கி எடுத்தார். வரைபடத்தில் ஆங்கில எழுத்து 'T' போல இருக்கும். ஓடையும் அதன் கரை மரங்களும் தன் எல்லைக்குள் வரவேண்டும் என்ற கணக்கு. மரமே அரிதான புல்வெளியில் தண்ணீரும் விறகும் கைக்குள் இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

சும்மா கொடுத்தார்கள் என்றால் நம்பலாமா? ஒரு பைசா வாங்கவில்லையா?
வாசகர், திருச்செங்கோடு

வாங்கினார்கள். மனுப் போடும்போது 12 டாலர், முடிவில் 6 டாலர், ஆக 18. உண்மையான விலை அதுவல்ல. ஐந்து வருடம் அங்கேயே குடியிருந்து, வீடு கட்டி, உழுது பயிர் செய்ய வேண்டும். பிறகு இரண்டு சாட்சிகளோடு போய் நிரூபித்தால்தான் பட்டா.

ஃப்ரீமனுக்காக அக்கம்பக்கத்தார் இருவர் 1868 ஜனவரியில் சத்தியம் செய்து கொடுத்த வாக்குமூலம் இன்றும் இருக்கிறது. நம் ஊர் அடங்கலைப் போலவே இருக்கும். பாதி மரக்கட்டையும் பாதி சட்டமும் பலகையுமாகக் கட்டிய ஒற்றைத் தள வீடு, 14-க்கு 20 அடி. கதவு இரண்டு, சன்னல் இரண்டு. உழுது வேலியிட்ட நிலம் சுமார் 35 ஏக்கர். ஒரு லாயம், 100 அடி நீளத்தில் ஆட்டுக் கொட்டகை, மக்காச்சோளக் கதிர் சேர்த்துவைக்கும் கொட்டில். ஆப்பிள் மரம் 40, பீச் மரம் ஏறக்குறைய 400.

160-ல் 35 தானா என்று எளிதாகக் கேட்டுவிடலாம். அந்தப் புல்லின் வேர்கள் ஆழமாக இறங்கிப் பாய் போலப் பின்னிக் கிடக்கும். முதல் உழவில் மண் பொலபொலவென்று வராது, பாளம் பாளமாகப் பெயரும். மரம் கிடைக்காதவர்கள் அந்தப் பாளத்தையே செங்கல் மாதிரி அறுத்து அடுக்கி வீடு கட்டிக்கொண்டார்கள்.

வாக்குமூலம் என்றால் தில்லுமுல்லும் உண்டே! '12-க்கு 14 வீடு' என்று சத்தியம் செய்துவிட்டு, அங்குலக் கணக்கில் பொம்மை வீடு வைத்த ஆட்களைப் பற்றிக் கதைகள் உண்டு. படிக்கும்போது எனக்குப் பழைய அலுவலக ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன்.

ஆக்னஸ் யார்? அவரைப் பற்றி எங்கும் ஒரு வரிகூடக் காணோமே.
வாசகி, கோவில்பட்டி

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன் அம்மா. ஆக்னஸ் சூட்டர், ஐயோவா மாநிலத்தில் லெக்ளேர் என்ற ஊர்ப் பெண். முதலில் டேனியலின் தம்பி ஜேம்ஸுக்குத்தான் நிச்சயம் ஆகியிருந்தது. ஜேம்ஸ் உள்நாட்டுப் போரில் இறந்துவிட்டார். அதன்பின் டேனியலும் ஆக்னஸும் கடிதம் எழுதிக்கொண்டார்கள். கல்யாணம் பேசியதும் கடிதத்திலேயே. 1865 பிப்ரவரி 8-ல் கல்யாணம் முடிந்து புல்வெளிக்கு வந்து சேர்ந்தார். மனுப் போட்டு இரண்டு வருடம் கழித்து வந்தவர் அவர். ஐந்து வருடக் கெடுவில் பின்பாதி மூன்று வருடமும் அந்த 14-க்கு 20 வீட்டின் அடுப்படி அவருடையது.

வாக்குமூலத்தை மறுபடி பாருங்கள். பீச் மரத்துக்குக் கணக்கு இருக்கிறது, சன்னலுக்குக் கணக்கு இருக்கிறது. ஆக்னஸ்? 'மனைவியும் இரண்டு பிள்ளைகளும் கொண்ட குடும்பத்தின் தலைவர்' என்று டேனியலைச் சொல்லும் வாசகத்தில் 'மனைவி' என்ற ஒற்றைச் சொல். அவ்வளவுதான். இத்தனைக்கும் 21 வயது நிரம்பிய தனிப்பெண்ணும் கைம்பெண்ணும் தம் பெயரிலேயே மனுப் போட அந்தச் சட்டம் இடம் கொடுத்தது. கணவரோடு வாழ்கிற பெண்ணுக்குத்தான் வழியில்லை.

டேனியல் 1908 டிசம்பர் 30-ல் இறந்தார். ஆக்னஸ் அதற்குப்பின் இருபத்திரண்டு வருடத்துக்கு மேல் இருந்து 1931-ல் போனார். குடும்ப வரலாறு எழுத உட்காருகிறவர்கள் பத்திரத்தோடு நிறுத்திவிடாதீர்கள். கடிதக் கட்டு எந்த அலமாரியில் இருக்கிறது என்று வீட்டுப் பெண்களைக் கேளுங்கள்.

அது யாருமே இல்லாத நிலமா?
மாணவர், விருத்தாசலம்

இல்லை தம்பி. அந்த வட்டாரம் ஓட்டோ மிசூரியா என்ற பூர்வகுடி மக்களுடையது. 1854 ஒப்பந்தத்தில் பெரும்பகுதி கைமாறி, பிக் புளூ ஆற்றங்கரையில் ஒரு துண்டு மட்டும் அவர்களுக்கு மிஞ்சியது. கப் கிரீக் கலப்பதும் அந்த ஆற்றில்தான். 1881-ல் அதையும் விட்டு, இன்றைய ஓக்லஹோமாவுக்குப் போக வேண்டியதாயிற்று. மனு எண் 1 என்று எழுதிய பதிவேட்டில் அதற்கு முந்தைய பக்கம் கிடையாது.

ஃப்ரீமன் பள்ளிக்கூடத்தின் மேல் வழக்குப் போட்டாராமே?
வாசகர், நாகர்கோவில்

ஆமாம், பிடிவாதக்காரர். பக்கத்து ஊராட்சிப் பள்ளியில் ஆசிரியை பைபிள் வாசித்து ஜெபம் சொல்லவைத்ததை எதிர்த்து, மாநில உச்ச நீதிமன்றம் வரை போனார். 1902-ல் தீர்ப்பு அவர் பக்கம்.

அந்தப் பண்ணையில் இன்று என்ன இருக்கிறது?
வாசகி, பொள்ளாச்சி

1936-ல் தேசிய நினைவிடம் ஆக்கினார்கள். அங்கே மரக்கட்டை வீடு ஒன்றைப் பார்த்துவிட்டு ஃப்ரீமன் வீடு என்று பலர் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அது 1867-ல் பாமர் என்பவர் வேறிடத்தில் கட்டி, பின்னால் இங்கே கொண்டுவந்து வைத்த வீடு. ஃப்ரீமன் நட்ட வேலி மட்டும் இன்னும் நிற்கிறது. உங்கள் பக்கத்துக் கிளுவை வேலி மாதிரி, முள் அடர்ந்த ஓசேஜ் ஆரஞ்சு மரத்தை நெருக்கி நட்டு வளர்த்த உயிர்வேலி. தம்பதி இருவரின் சமாதியும் அதே நிலத்தில்தான். அங்கே ஆக்னஸின் பெயர் எழுதியிருக்கிறது.