நட்சத்திரக் குவிமாடம்: 28 சதுர அடியா, 56ஆ?

கேள்வி: படுக்கையறைக் கூரையில் 6 அடி விட்டத்தில் குவிமாடம் வைத்து, உள்ளே நட்சத்திர வானம் வரைய ஏற்பாடு செய்கிறோம். நடுவில் ஒன்றரை அடி ஆழம். காண்ட்ராக்டர் 56 சதுர அடி என்று கணக்குப் போடுகிறார். எனக்கு 28தான் வருகிறது. யார் கணக்கு சரி? மின்னுவதற்குப் பெயிண்ட் நல்லதா, விளக்கா? அறை உயரம் 10 அடி, ஏசி உண்டு.
- வாசகி, திருச்சி

பதில்: இரண்டும் சரியில்லை. 28 என்பது தட்டையான வட்டத்தின் பரப்பு. 56 முழு அரைக்கோளத்துக்கு. அதற்கு 3 அடி ஆழம் வேண்டும். ஆரத்தின் வர்க்கத்தோடு ஆழத்தின் வர்க்கத்தைக் கூட்டி 3.14ஆல் பெருக்குங்கள். 9 + 2.25 = 11.25. பெருக்கினால் சுமார் 35 சதுர அடி. வளைவு வேலைக்குச் சதுர அடி ரேட் கொஞ்சம் கூடக் கேட்டால் நியாயம்தான். ரேட்டையும் ஏற்றி, பரப்பையும் ஏற்றினால் விடாதீர்கள்.

அதைவிடப் பெரிய விஷயம் உயரம். கான்கிரீட்டை யாரும் குடையப் போவதில்லை. குவிமாடத்தின் ஆழம் முழுக்க உங்கள் அறையிலிருந்துதான் போகும். ஃபிரேமுக்கு 3 அங்குலம் விட்டால் சுற்றியுள்ள ஃபால்ஸ் சீலிங் எட்டேகால் அடிக்கு இறங்கிவிடும். ஏசி அறைக்குத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு கேட்பது 2.4 மீட்டர், அதாவது 8 அடிக்குச் சற்றுக் குறைவு. அதனால் தப்பித்தீர்கள். ஏசி இல்லையென்றால் அரை அடி ஆழத்தோடு நிறுத்தச் சொல்லியிருப்பேன். நடுவில் ஃபேன் மட்டும் வேண்டாம், வானமே தெரியாது. கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் ஓடும் சுவர் ஃபேன் போதும்.

ஒளிரும் பெயிண்டில் ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட் கலந்ததா என்று கேளுங்கள். வெளிச்சம் பட்டபின் சில மணி நேரம் மங்கலாகவாவது தெரியும். மலிவான ஜிங்க் சல்பைடு நீங்கள் தூங்குவதற்குள் அணைந்துவிடும். பணம் இருந்தால் என் ஓட்டு ஃபைபர் ஆப்டிக் விளக்குக்கு. இழைகளில் மின்சாரம் ஓடாது, வெளிச்சம் மட்டும்தான். பழுதாவது பெரும்பாலும் இழைகளுக்கு வெளிச்சம் தரும் ஒளிப்பெட்டிதான். அதை எட்ட ஒரு திறப்பு வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பின்னால் சீலிங்கையே உடைக்க நேரும்.

அடிவண்ணம் மேட் ஃபினிஷாக இருக்கட்டும். பளபளப்பு, புட்டியின் மேடுபள்ளத்தையெல்லாம் காட்டிக்கொடுக்கும். பெயிண்டரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள்: அண்ணாந்து பார்க்கும் வானப் படத்தில் வடக்கு மேலே என்றால் கிழக்கு இடப்பக்கம். 1913இல் திறந்த நியூயார்க் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையக் கூரையிலேயே வானம் இடவலம் மாறித்தான் இருக்கிறது!

மேல்மாடி வீடா? முதலில் மொட்டைமாடிக் கசிவை அடைத்து, ஒரு மழைக்காலம் போகட்டும். அப்புறம் அட்வான்ஸ் கொடுங்கள். 35 சதுர அடி, பெயிண்ட் வகை, திறப்பு எல்லாம் கொட்டேஷனில் எழுத்தில் வரட்டும். தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.