எந்த தக்காளி ரகத்த நம்பி வைக்கலாம்?

கேள்வி: அண்ணா, மதுரைல மாடித்தோட்டம் வச்சிருக்கேன். பிப்ரவரி கடைசில நர்சரில பத்து தக்காளி நாத்து வாங்கி நட்டேன், ஆன்லைன்ல வாங்குன கருப்பு தக்காளி விதையும் போட்டேன். இப்ப ஏப்ரல். பாதி செடி இலை சுருண்டு குட்டையா நிக்குது, மீதில பூ வருது, எல்லாம் உதிருது. நம்பி வைக்க ஒரு ரகம் சொல்லுங்க.

பதில்: தங்கச்சி, பூ உதிர்றதுக்கு காரணம் வெயில். பகல்ல 35 டிகிரி தாண்டி ராத்திரியும் சூடு இறங்கலேன்னா பிஞ்சு பிடிக்காது, மதுரை சித்திரை வெயில்ல மொட்டைமாடில எந்த ரகமும் திணறத்தான் செய்யும். இதுக்கு டானிக் அடிங்கன்னு கடைல நீட்டுனா வாங்காதீங்க, காசுதான் போகும்.

ரகம்னா பி.கே.எம் 1. பெரியகுளத்துல அன்னஞ்சி நாட்டு ரகத்துல இருந்து உருவாக்குனது, செடி ரொம்ப உயராது, பைக்கு தோதா இருக்கும், பழம் தட்டை உருண்டையா காம்புகிட்ட பச்சையா இருக்கும். வருஷா வருஷம் இலைய சுருள வைக்கிற வைரஸ் தொல்லைன்னா அர்கா ரக்ஷக் போடுங்க, பெங்களூரு ஐ.ஐ.எச்.ஆர், அதாவது இந்திய தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்து ரகம், இலைச்சுருட்டையும் வாடலும் தாங்கும், ஆனா வீரிய ஒட்டு (ஹைபிரிட்), அதுல விதை எடுத்து போட்டா அதே மாதிரி வராது. கருப்பு தக்காளி எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். பாக்கெட்ல ரகப்பேரும் முளைப்புத்திறனும் சோதிச்ச தேதியும் இல்லேன்னா அந்த விதைய தொடாதீங்க, படத்த பாத்து ஏமாறாதீங்க.

நீங்க கேட்டிருக்க வேண்டியது நாத்து எங்க வாங்குறதுன்னு. இலைச்சுருட்டை வைரஸ பரப்புறது வெள்ளை ஈ. நாத்து சின்னதா இருக்கும்போதே அது உக்காந்து சாறு உறிஞ்சிட்டா அந்த செடி அப்பவே போச்சு, ஆனா அறிகுறி தெரிய ரெண்டு மூணு வாரம் ஆகும், அதனால வாங்குறப்ப பச்சைப்பசேல்னுதான் இருக்கும். வலை இல்லாம தெறந்த வெளில கத்திரி மிளகா தக்காளின்னு எல்லாத்தையும் ஒண்ணா அடுக்கி விக்கிற நர்சரில ஒரு நாத்து கூட வாங்கக்கூடாதுங்கிறது என் கட்சி, அவங்களுக்கு வித்தா போதும், உங்க மூணு மாச உழைப்பு போறது அவங்களுக்கு ஒண்ணுமில்ல. ஒரு குழித்தட்டு, தென்னைநார்க் கழிவு, மேல வெள்ளை ஈ நுழையாத அளவு நெருக்கமான 50 மெஷ் நைலான் வலை, ஓரமெல்லாம் இடைவெளி இல்லாம மூடி 25 நாள் வச்சா போதும், உங்க நாத்து உங்க கைல. நானும் ஒரு வருஷம் வலைய அலட்சியமா விட்டு முக்கால்வாசி செடிய புடுங்கிப் போட்டேன், இன்னைக்கும் அத நெனச்சா வயிறு எரியுது.

பி.கே.எம் 1 காய்ச்சதும் நோயில்லாத நல்ல செடில நல்லா பழுத்த பழம் ரெண்டு எடுத்து, விதைய சாறோட ஒரு நாள் புளிக்க வச்சு, கழுவி நிழல்ல காயவச்சு எடுத்து வைங்க. அடுத்த தடவை விதைக்கும் காசு வேண்டாம்.

இப்போதைக்கு சுருண்ட செடிய எல்லாம் இன்னைக்கே புடுங்கி பையில கட்டி வெளிய போட்ருங்க, மிச்ச செடிக்கு மதிய வெயில்ல நிழல்வலை கட்டுங்க. ஜூன்ல புதுசா விதை போடலாம்.